சத்தம் போடக் கூடாத சரிவு

"ஓடாதேடா!"

வெர்னா தம்பியின் காலரைப் பிடித்து இழுத்தாள். கல்லெறி தூரத்தில் ஹக்கிள்பெரிப் பழப் புதர் விலகியது. முதலில் தோள் திமில். பிறகு முழு கிரிஸ்லிக் கரடி. வாயெல்லாம் ஊதாச் சாறு வழிய, பின்னங்கால்களில் எழுந்து நின்றது.

"அக்கா, பாயப் போகுது!" தம்பி டெல் கிசுகிசுத்தான்.

"பாயறதுக்கு இல்லடா. யாருன்னு பாக்குது, மோப்பம் பிடிக்குது. காத்து நம்ம பக்கம் அடிக்குதில்ல, வாசனை கிடைக்கலை."

"அப்ப அசையாம நிப்போம். கரடிக்குத்தான் கண்ணு தெரியாதே!"

"எந்தப் புண்ணியவான் சொன்னான்? நம்ம அளவுக்கு அதுக்கும் பார்வை உண்டு. கலரும் தெரியும். இல்லேன்னா பழுத்த பழமா பாத்துத் தின்னுமா? நீ வேற சிவப்புச் சட்டையில வந்திருக்கே, தொரை!"

தப்பு அவளுடையதுதான். இந்த மலைக்காட்டில் நடப்பவர்கள் "ஏ கரடி!" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவார்கள். கரடி தானாக ஒதுங்கிவிடும். ஆனால் மான்டானா மாநிலத்தில் எந்த ரகசியத்தைச் சொன்னாலும், ஹக்கிள்பெரி பறிக்கும் இடத்தை மட்டும் யாரும் சொல்வதில்லை. பல கோடைகள் அலைந்து வெர்னா கண்டுபிடித்த சரிவு இது. குரல் கீழே பாதைவரை போனால், அடுத்த வாரமே ஊர் வாளியோடு வந்து நிற்கும். அதனால் வழியெல்லாம் தம்பியின் வாயை அடைத்துக் கூட்டி வந்திருந்தாள்.

"கத்தட்டுமா அக்கா?"

"கத்தினா இடம் போச்சு."

"கத்தலேன்னா நான் போச்சு!"

கரடி புஸ்ஸென்று மூச்சு விட்டது. வெர்னா மிளகாய் ஸ்ப்ரேயைக் கையில் எடுத்தாள். சரிவைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். மயிரிழையில் தம்பி ஜெயித்தான்.

"ஏ கரடி! நாங்க மனுஷங்க! போயிடு சாமி!" மெல்லப் பின்வாங்கியபடியே உரக்கச் சொன்னாள்.

கரடி தலையைச் சாய்த்தது. நாலு காலில் இறங்கியது. அத்தனை பெரிய உடம்பு, குதிரை வேகத்தில் பக்கவாட்டில் ஓடிக் காட்டுக்குள் மறைந்தது.

டெல் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. மேலே இன்னொரு புதர் அசைந்தது.

முதலில் தொப்பி. பிறகு ஊதா நிறத்தில் ஒரு வாய். கையில் நிறைந்த வாளி.

மூட்டுவலி, மலையே ஏற முடியாது என்று எல்லாரிடமும் சொல்லும் அவர்களுடைய அம்மா!

"இப்படிக் கத்தித் தொலைச்சியேடி!" என்றாள். "நீ பொறக்குறதுக்கு முன்னாலேருந்து நான் பறிக்கிற இடம்டி இது. கரடி எதிர்ல நின்னப்பகூட நான் வாயைத் திறக்கலை!"