வெங்காய வயலுக்கு வந்த கல்லூரி

ஆனி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், அரியலூர் சாலையில் இருந்த பொறியியல் கல்லூரி எழுந்து, ஏழு கிலோமீட்டர் நடந்து, குன்னத்துக்கு மேற்கே வேம்புவின் வெங்காய வயலில் உட்கார்ந்தது. பட்டப்பகல். கேன்டீன் முன்னே வந்தது, நான்கு மாடி பின்னே, விடுதி கடைசியில். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒதுங்கி வழிவிட்டன. "போன வருசம் வூட்டு வாசலுக்கு பஸ் அனுப்புனானுங்க. இந்த வருசம் காலேஜையே அனுப்பிட்டானுங்க" என்றார் டீக்கடை சாமிதுரை. அன்று டீ பன்னிரண்டு ரூபாய்.

காரணம் எளியது. மெக்கானிக்கல் பிரிவை நடத்த ஓர் ஆள் குறைந்தது. அந்த ஆள் வேம்புவின் மகள் வெற்றிச்செல்வி. பன்னிரண்டு வயதிலிருந்து வயல் மோட்டாரைப் பிரித்துப் பூட்டி வந்தவள். பெரம்பலூர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை வேலைக்குப் போக நினைத்தாள். அதற்குப் பள்ளி தரும் டி.சி. வேண்டும். அதை அவளுடைய ஆசிரியர் முத்துசாமி ஏற்கெனவே கல்லூரியில் கொடுத்துவிட்டார். ஒரு டி.சி.க்கு ஐயாயிரம், பத்து சேர்ந்தால் கூடவே ஃபிரிட்ஜ். அவளுடையது பத்தாவது.

வேம்பு கேட்கப் போனார். தன் அப்பா கூலிக்கு நின்ற வயலை, கட்டட வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் வாங்கியவர். ஆசிரியர் வீட்டில் மட்டும் இன்னும் உட்காருவதில்லை.

"டி.சி.ய வாங்கிக் குடுங்க சார். புள்ள ஃபிட்டருக்குப் போவணுங்குது."

"கிரீஸ் தொடைக்கவா பன்னெண்டாவது படிச்சா? ஒத்த ரூவா கட்ட வேணாம் வேம்பு. உன் சாதி சர்டிபிகேட் போதும், மிச்சத்த கவர்மென்ட் கட்டிடும்."

"எம் புள்ளைக்கா கட்டுது? காலேஜுக்குல்ல கட்டுது."

முத்துசாமி உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தார். நன்றாகக் குளிர்ந்திருந்தது.

மறுநாள் வெற்றிச்செல்வி வரப்பில் நடந்து கல்லூரி அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் ஜெயசித்ரா நாளைக்கு வரச் சொல்லி, வந்ததற்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவள் மறுநாளும் போனாள். காத்திருக்கும் பெஞ்சு மெக்கானிக்கல் வகுப்பறையில் போடப்பட்டிருந்தது. நான்கு ஆண்டுகள் அவள் தினமும் போய்க் கேட்டாள். மக்காச்சோளம் இரண்டு முறை விலை இறங்கியது. சில நாட்களில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிக் கேட்கச் சொன்னார்கள்; எழுதிக் கேட்டாள். வருகை தொண்ணூற்றாறு சதவீதம், முதல் வகுப்பு. அரசுப் பணம் கல்லூரிக்குத் தவறாமல் வந்தது. முடிவில் பட்டத்தை நீட்டினார்கள்.

"இது வேணாங்க. டி.சி. குடுங்க."

ஜெயசித்ரா பீரோவைத் திறந்து உடனே எடுத்துக் கொடுத்தார். "இதுக்கா நாலு வருசமா வந்தீங்க? மொதல்லயே சொல்லிருக்கலாம்ல."

அவளோடு படித்துப் பட்டம் வாங்கியவர்களில் இருவர் ரெட்டிபாளையம் ஆலையின் வாசலில் காவலுக்கு நின்றார்கள். அவள் ஆவணியில் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தாள். பதினாறு வயதுக்காரர்கள் அவளை அக்கா என்றார்கள்.

ஆள் குறைந்த கல்லூரி ஒரு புதன்கிழமை காலை வயலை விட்டு எழுந்தது. அடியில் கிடந்த வெங்காயம் அழுகவில்லை, முளைக்கவும் இல்லை. வேம்பு டிராக்டருக்குச் சொல்லி அனுப்பினார். பெரம்பலூர் பஸ் சாலையோரம் நின்றது. கல்லூரி ஏலாக்குறிச்சிப் பக்கம் ஆள் எடுக்கப் போகிறது, முதலில் அது போகட்டும் என்றார் கண்டக்டர். டிரைவர் இன்ஜினை அணைத்தார். நான்காவது சீட்டில் வெற்றிச்செல்வி, புதிதாக வாங்கிய அரத்தின் விலைச்சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.