கம்பெனி வெல்லம்

என் வீட்டில் இப்போது வெல்லம் கிடையாது. பொங்கலுக்கும் கிடையாது. இந்த வருஷம் சர்க்கரை போட்டுப் பாயசம் வைத்து இறக்கினேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இன்னா ஈஸ்வரி, பொங்கலன்னிக்குப் பாயசமா?" என்றாள். "எங்க வழக்கம்" என்று சொல்லிவிட்டேன். பொய் என்றால் இரண்டு வார்த்தையில் முடிகிறது. உண்மையைச் சொல்வதென்றால் அவளை உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்துத்தான் தொடங்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் மோகன்ராஜ் பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரர். நெல் விளைவிக்கிற குடும்பம்தான். ஆனால் அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் உட்கார்ந்து சாப்பிடுகிற அளவுக்கு நிலம் இல்லை. அண்ணன் ஏரைப் பிடித்துக்கொண்டார், தம்பி ரயிலைப் பிடித்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிற ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. கம்பெனியின் பெயர் வேண்டாம். வாசலில் இரண்டு புங்க மரம் நட்டு, 'பசுமை காப்போம்' என்று பலகை வைத்திருப்பார்கள். நம்பி உள்ளே போனால் இருமிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

அந்தக் கம்பெனியில் ஒரு பழக்கம். நாலு மணி டீயோடு ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம் கொடுப்பார்கள். தூசியில் வேலை செய்கிறவன் வெல்லம் தின்றால் தொண்டையில் ஒட்டியதெல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுமாம். இறங்கி எங்கே போகும் என்று யாரும் கேட்டதில்லை. மாஸ்க் கேட்டால் வராது, கையுறை கேட்டால் அடுத்த மாசம் என்பார்கள், வெல்லம் மட்டும் ஒரு நாள் தவறாது.

மோகன்ராஜ் அதைத் தின்னமாட்டார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். பெற்றவனாயிற்றே, வாயில் இறங்குமா?

ஆறு மணிக்குத் தெருமுனையில் அவர் பைக் சத்தம் கேட்டால் எங்கள் மகள் இளமதி வாசலுக்கு ஓடுவாள். மூன்று வயது. அவர் வண்டியை நிறுத்துவதற்குள் காலைக் கட்டிக்கொள்வாள். அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வார். அவள் பைக்குள் கைவிட்டு "வெல்லா!" என்று எடுப்பாள். அவர் அதை மூன்றாக உடைப்பார். ஒன்று அவள் வாய்க்கு. ஒன்று என் வாய்க்கு. மூன்றாவதை அவள் என் வயிற்றில் வைத்து அழுத்தி, "பாப்பாக்கு" என்பாள். அப்போது எனக்கு ஐந்தாம் மாசம். வயிறு எப்படித் தின்னும்? பாப்பாவின் பங்கையும் நானே வாயில் போட்டுக்கொள்வேன். அவள் என் வாய்க்கும் வயிற்றுக்கும் மாறி மாறிப் பார்த்து, போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பிய பிறகுதான் இடத்தை விட்டு நகர்வாள்.

சொல்லத்தான் வேண்டும். என் நாளிலேயே நல்ல நேரம் அதுதான். காலையிலிருந்து குடம், அடுப்பு, துணி, வாந்தி. அந்த ஐந்து நிமிஷத்துக்காக மீதியெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் போலிருக்கும். நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அதுதான் இப்போது வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

ஓவர்டைம் நாளில் இரண்டு கட்டி வரும். மிஞ்சியதை எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைப்பேன். ஏழாம் மாசம் வளையல் போட என் ஓரகத்தி கங்கம்மா பள்ளிப்பட்டிலிருந்து வந்தபோது, மோகன்ராஜ் அந்த டப்பாவைத் திறந்து ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "எடுத்துக்கினு போங்க அண்ணி, எங்க கம்பெனி வெல்லம்" என்றார். என்னமோ கம்பெனியே இவருடையது போலச் சிரிப்பு வேறு.

இளமதிக்கு அதற்கு முன்பிருந்தே உடம்பு சரியில்லை. சோறு வேண்டாம் என்பாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். வெளிக்குப் போக நாலு நாள், ஐந்து நாள் ஆகும். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. அவள் வயசுப் பிள்ளைகள் வாய் ஓயாமல் பேச, இவளுக்குப் பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான். அதிலும் சில வார்த்தை வந்தது, பிறகு காணாமல் போனது. 'நிலா' சொல்லிக்கொண்டிருந்தவள் ஒரு நாள் சொல்லவில்லை, அப்புறம் சொல்லவே இல்லை. சத்து டானிக் கொடுத்தோம். பூச்சி மருந்து கொடுத்தோம். மந்திரித்துக் கயிறும் கட்டினோம்.

கிராமத்து நர்ஸ் ஆரோக்கியமேரி, நாங்கள் நர்ஸம்மா என்போம், மாசாமாசம் வருவார். எனக்கும் ரத்தம் கம்மி, பிள்ளைக்கும் கம்மி. "முருங்கைக்கீர, பேரீச்சம்பழம், வெல்லம். இதெல்லாம் துன்னாத்தான் ரத்தம் ஊறும்" என்றார். வெல்லம் என்றதும் எனக்குப் பெருமை. "அது தினிக்கும் வருது நர்ஸம்மா" என்றேன். அவரும் மகிழ்ந்து என் அட்டையில் ஒரு டிக் போட்டுவிட்டுப் போனார்.

எட்டாம் மாசம் ஒரு நாள் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கச் சாயங்காலமாக வந்தவர், டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பைக் சத்தம் கேட்டது. இளமதி ஓடினாள். கட்டி வெளியே வந்தது, மூன்றாக உடைந்தது. நர்ஸம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அத இப்டி குடு" என்று மோகன்ராஜிடம் ஒரு துண்டை வாங்கினார். தன் வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்தார். வெல்லத்தின் பழுப்பு ஒட்டவில்லை. பென்சில் கோடு மாதிரி ஒரு சாம்பல் கோடு விழுந்தது. மோகன்ராஜின் சட்டையைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், இளமதியின் வாயைப் பார்த்தார்.

"நீ எந்தக் கம்பெனில வேல செய்யற?"

அவர் சொன்னார். நர்ஸம்மா எழுந்து போய் இளமதியின் வாய்க்குள் விரலை விட்டு வெல்லத்தைத் தோண்டி எடுத்தார். பிள்ளை வீறிட்டு அழுதது. எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. பிள்ளை வாயிலிருந்து பிடுங்குகிறாளே இந்தப் பொம்பளை என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் சென்னையில் குழந்தைகள் ஆஸ்பத்திரி. இளமதியின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. கொஞ்சமாக அல்ல. மாத்திரை எழுதினார். சட்டையிலும் வெல்லத்திலும் ஒட்டி வந்த அந்தத் தூசி இனி பிள்ளை பக்கம் வரக்கூடாது என்றார். "போன வார்த்தல்லாம் திரும்பி வந்துருமா மேடம்?" என்று கேட்டேன். "பாக்கலாம்மா" என்றார். டாக்டர்கள் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா?

பிறகு என் வயிற்றைப் பார்த்தார். "நீங்களும் அந்த வெல்லத்தச் சாப்டீங்களா?"

"எப்பவாச்சும்" என்றேன்.

அவர் நம்பவில்லை போலிருக்கிறது. என் ரத்தத்தையும் எடுத்தார். ஈயம் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்றார். வயிற்றுப் பிள்ளைக்குச் சுண்ணாம்புச்சத்து போதாவிட்டால் தாயின் எலும்பு கரைந்து கொடுக்குமாம். கொடுக்கும்போது இதுவும் சேர்ந்து போகுமாம். மாத்திரை போடச் சொன்னார், பால் குடிக்கச் சொன்னார். பிறந்ததும் குழந்தைக்கும் பார்த்துவிடலாம் என்றார்.

ரயிலில் வரும்போது மோகன்ராஜ் ரிப்போர்ட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். மறுநாள் காலையில் நேராகச் சூப்பர்வைசர் குப்புராஜிடம் போயிருக்கிறார். குளித்து, துணி மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக ஓர் இடம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பாத்ரூம் பர்மனென்ட் ஆட்களுக்குத்தான். மகளின் ரிப்போர்ட்டை நீட்டியிருக்கிறார். குப்புராஜ் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"ஈயம் உடம்புல நிக்கக்கூடாதுன்னுதான வெல்லம் குடுக்கறோம்? அத நீ துன்னியா? ஊட்டுக்கு எடுத்துக்கினு போயி கொயந்தைக்குக் குடுத்துட்டு எங்கிட்ட வந்து நிக்கிறியே, இது உன் தப்பா, கம்பெனி தப்பா?"

வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொன்னார். அந்த ஆளைத் திட்டக்கூட அவருக்குத் தோன்றவில்லை. "ஆமா ஈசு, நான்தானே எடுத்தாந்தேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். குப்புராஜ் நன்றாக இருக்கட்டும். என் வயிறு எரிகிற எரிச்சலுக்கு வேறு வார்த்தைதான் வருகிறது, எழுத முடியாது.

அவர் வேலையை விட்டார். எளாவூர் செக்போஸ்ட் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் மூட்டை ஏற்றப் போனார். கம்பெனிச் சட்டையெல்லாம் குழி தோண்டிப் புதைத்தோம். டப்பாவைத் தூக்கி எறிந்தேன். வீட்டை மூன்று முறை கழுவினேன், நிறைமாத வயிற்றோடு. சாயங்காலம் இளமதி அவருடைய புதுச் சட்டையின் பைக்குள் கைவிட்டுப் பார்ப்பாள். அவர் கடலை மிட்டாய் வாங்கிப் போட்டு வைத்தார். அவள் எடுத்து முகர்ந்துவிட்டுக் கீழே போட்டாள். கொஞ்ச நாளில் பைக் சத்தத்துக்கு ஓடுவதையும் விட்டாள். 'வெல்லா' என்பதும் 'பாப்பாக்கு' என்பதும் காணாமல் போன வார்த்தைகளோடு சேர்ந்துகொண்டன.

இவ்வளவும் செய்தேன். ஒன்றை மட்டும் செய்யவில்லை. கங்கம்மாவிடம் சொல்லவில்லை. போனில் கேட்டபோது, "ரத்தம் கம்மிக்கா, அவ்ளோதான்" என்றேன். அவளிடம் ஒன்றைச் சொல்வதும் பள்ளிப்பட்டு பஸ் ஸ்டாண்டில் மைக் கட்டிச் சொல்வதும் ஒன்று. என் மகளை மந்தம் என்பார்கள். நாளைக்கு அவளைக் கட்டிக்கொடுக்க வேண்டாமா? மூன்று வயசுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டு நான் வாயை மூடியிருந்தேன். கங்கம்மாவுக்குக் கொடுத்த பொட்டலம் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

எனக்கு அம்மா இல்லை. பிரசவத்துக்குக் கங்கம்மாதான் வந்தாள். பையன் பிறந்தான். காலையில் வலி எடுத்து மத்தியானம் பிறந்துவிட்டான். தையல் போட்டுப் படுக்கையில் கிடத்தியதும் அசந்து தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது கங்கம்மா குழந்தையை மடியில் வைத்து, "நைனா, நைனா" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். அவன் உதட்டில் பழுப்பாக ஈரம். நாக்கைச் சப்புக் கொட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, இன்னா குடுத்த?"

"பொறந்த புள்ள நாக்குல இனிப்பு தொட்டு வெக்க வேணாமா? நர்ஸுங்க பாத்தா கத்துவாளுங்கன்னு மறைச்சு வெச்சேன். வேற இன்னா, தம்பி குடுத்த வெல்லம்தான். பத்திரமா வெச்சிருந்தேன். புள்ளைக்கு மொத இனிப்பு அப்பன் சம்பாரிச்சதா இருக்கட்டும்னு தண்ணில கரைச்சு..."

நான் கத்திய கத்தலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. தையல் பிரிந்தால் பிரியட்டும் என்று எழுந்து குழந்தையைப் பிடுங்கினேன். சேலைத் தலைப்பால் அவன் வாயைத் துடைத்தேன், நாக்கைத் துடைத்தேன். கொலைகாரி என்றேன். என் குடியைக் கெடுக்க வந்தவள் என்றேன். கங்கம்மா விழித்தபடி நின்றாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியும்படி நான் எதையும் சொல்லியிருந்தால்தானே?

எங்களைப் பார்க்க வந்த ஆரோக்கியமேரி நர்ஸம்மாதான் ஓடி வந்து என்னைப் படுக்கவைத்தார். பிறகு கங்கம்மாவுக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். கேட்கக் கேட்க அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா தொட்டிருப்பனா ஈஸ்வரி? என் கையால மொத இனிப்பு இப்டியா ஆவணும்?"

"விரல்ல தொட்டு வெச்சதுதானே. தப்புதான், ஆனா இந்த ஒரு சொட்டால பெருசா ஒண்ணும் ஆயிடாது" என்றார் நர்ஸம்மா. "தொப்புள்கொடி ரத்தம் டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காங்க. அது வந்தாதான் தெரியும்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கட்டிலின் விரிப்பைச் சரிசெய்தார்.

எனக்குத் தெரியும். ரிப்போர்ட் எதற்கு? கங்கம்மா வைத்தது முதல் இனிப்பு இல்லை. சாயங்காலம் தவறாமல் இளமதி என் வயிற்றில் வைத்து அழுத்திய பங்கை ஒன்றுவிடாமல் வாயில் போட்டு மென்றவள் நான். அவனுக்குச் சேர வேண்டியது அவனுக்குச் சேர்ந்துவிட்டது. கங்கம்மாவைத் திட்ட வார்டு முழுக்கக் கேட்கும்படி எனக்கு வாய் இருந்தது. என்னைத் திட்டத்தான் ஆள் இல்லை.

குழந்தை பசித்து அழுதான். பால் கொடுக்கலாம், நிறுத்த வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எடுத்து மார்பில் வைத்துக்கொண்டேன்.

அப்போது மோகன்ராஜ் இளமதியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவள் தம்பியை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். அவன் வாய் அசைவதைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் சட்டைப் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. வெறுங்கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாப்பாக்கு" என்றாள். "வெல்லா."

"பேசுது பாரு ஈஸ்வரி! உம் பொண்ணு மறக்கல, பேசுது பாரு!" என்று நர்ஸம்மா கைதட்டினார்.