அந்தோனியாருக்கு விழுந்த அடி

றெக்ஸ் அடிதடிக்குப் போகிறவன் இல்லை. ஒருமுறை, வெளிநாட்டவரைத் தேடி அடிக்கிற மொட்டைத் தலைப் பெடியள் மூன்று பேர் ஸ்டேஷனுக்குப் பின்னால் விழுத்தி, சப்பாத்துக் காலால் அவன் விலாவை மிதித்து உடைத்தார்கள். அவன் கையை ஓங்கவேயில்லை.

"பென்ஜமின் அண்ணை, அகதி வழக்கு முடியட்டும். பொலிஸில பேர் விழுந்தால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்று என்னிடம் சொன்னான். மன்னாரில் அவன் தமையனை ஆமிக்காரர் வீடு புகுந்து சுட்டிருந்தார்கள். இவனையும் தேடினார்கள். திரும்பிப் போனால் சாவுதான்.

ஜெர்மனியில், மோசல் ஆற்றங்கரையில் ஒரு வைன் பண்ணையில் இருவரும் வேலை செய்தோம். தொண்ணூற்று நாலாம் ஆண்டு அறுவடை விழாவுக்குச் சிலியிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். வாயே செக்கோ என்று ஒரு சின்னப் பாலைவன நகரமாம். மழையே பெய்யாத மண்ணில் வைன்! நம்பவா முடியும்?

பேத்ரோ என்ற தடித்த மனிதர் ஜெர்மன் மொழியில் படம் காட்டி விளக்கினார். முந்நூறு வருஷத்துக்கு முன் கத்தோலிக்கச் சாமிமார் மலையிலிருந்து வாய்க்கால் வெட்டுவித்து முந்திரிகைக் கொடி நட்டார்கள். வெட்டிய கூலிகளில் பாதிப் பேர் தாகத்தில் செத்தார்கள். அந்த எலும்புகளுக்கு மேல்தான் கோயில். மணலில் புதைத்த வைன் சாடிகளைப் பார்க்க இப்போது உல்லாசப் பயணிகள் வருகிறார்களாம்.

பிறகு குழந்தை யேசுவைக் கையில் ஏந்திய ஒரு அந்தோனியார் சொரூபத்தை எடுத்து மேசையில் வைத்தார். றெக்ஸ் சிலுவை போட்டுக்கொண்டான்.

"வாய்க்கால் வற்றினால் இவருக்குத்தான் அடி. தண்ணீர் வரும்வரை அடிப்போம்" என்று பேத்ரோ இடுப்புப் பட்டியைக் கழற்றி விளாசினார். மண்டபம் சிரித்தது. இரண்டாவது அடியில் குழந்தை யேசுவின் கை உடைந்து பறந்தது.

றெக்ஸ் இருந்த வாங்குக்கு மேலால் பாய்ந்தான். நான் பிடித்த சட்டை கிழிந்து என் கையோடு வந்தது. போத்தலால் பேத்ரோவின் முகத்தில் ஓங்கி அடித்தான். மூக்கு உடைந்து இரத்தம் கொட்டியது. விழுந்தவரின் விலாவில் மிதித்தான், மிதித்தான், அப்படி மிதித்தான். விலக்கப் போன எனக்கு ஒரு பல் போனது. நாலு பேர் அவன் முதுகில் ஏறி இருந்த பிறகுதான் அடங்கினான்.

"விசரா! உன்னை மிதிச்சவங்களுக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிண்டனியே!"

"என்னை அடிச்சால் பொறுக்கலாம் அண்ணை. அவரை அடிக்கப் பாத்துக்கொண்டு நிக்க ஏலாது. வள்ளம் கவிண்டு கடலில கிடக்கேக்க அவரைத்தான் கூப்பிட்டனான்."

பேத்ரோவின் காலைப் பிடித்தேன். பொலிஸில் முறைப்பாடு வேண்டாம், திருப்பி அனுப்பினால் இவனைக் கொன்றுவிடுவார்கள் என்றேன். அடித்த காரணத்தையும் சொன்னேன். அவர் இரத்தத்தைத் துடைத்தபடி என்னை வியப்போடு பார்த்தார். "எங்களுக்கும் அவர்தான் எல்லாம். அவரை அடிக்காமல் வேறு யாரை அடிப்பது?" என்றார். நல்ல மனிதர், முறைப்பாடு கொடுக்கவில்லை. ஆனால் போத்தலால் அடித்தால் முறைப்பாடு இல்லாமலே வழக்காம். பொலிஸ் விலங்கு போட்டது.

அடுத்த வருஷம் றெக்ஸை விமானத்தில் ஏற்றினார்கள். கொழும்பில் இறங்கியவன் வீடு போய்ச் சேரவில்லை.

அவன் தாய் தொலைபேசியில் அழுதாள். "அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திறன் தம்பி. காணாமல் போனதைக் கண்டு பிடிச்சுத் தாறவர் எல்லோ?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயை அடக்க முடியவில்லை.

"மெழுகுதிரி மட்டும் காணாது அம்மா," என்று கத்தினேன். "அடியுங்கோ. அவன் வரும்வரைக்கும் அடியுங்கோ."