அரியக்குடியில் விட்ட சுண்டெலி

எலியைக் கொல்லக் கூடாது என்பது என் மாமியார் போட்ட சட்டம். வருஷம் முழுக்க இல்லை. திருக்கார்த்திகையிலிருந்து பிள்ளையார் நோன்பு வரைக்கும், அந்த மூன்று வாரத்துக்கு மட்டும். பிள்ளையாருக்கு நோன்பு பிடித்துக்கொண்டு அவர் வாகனத்துக்குப் பாஷாணம் வைக்கிறதாவது என்பார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்து பல வருஷமாகியும் நான் அதை மீறியதில்லை. பக்தி என்று நினைக்க வேண்டாம், பயம்தான். பிள்ளையில்லாதவள் எதை மீறினாலும், அதனால்தான் பிள்ளையில்லை என்று சொல்லிவிடும் ஊர் இது.

அந்த வருஷம் நோன்புக்கு வீட்டில் இரண்டு புது ஆட்கள். ஒன்று ஒரு சுண்டெலி. இன்னொன்று என் வீட்டுக்காரர் ஏகப்பன்.

பர்மாவில் கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டு, எங்கள் ஆட்கள் கட்டிய வேட்டியோடு கப்பலேறி வந்த சமயம். அவரும் அப்படித்தான் வந்து சேர்ந்தார். அதற்கு முன்னால் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், சில மாதம் இருப்பார், திரும்ப ரெங்கோனுக்குப் போய்விடுவார். விருந்தாளிக்குச் செய்வது போல் ஆக்கிப் போட்டு அனுப்பி வைப்பேன். இப்போது போக இடமில்லை. காரைக்குடியில் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு எங்களுடையது. அதில் அத்தனை தூண் இருக்க, மனுஷர் ஒரே தூணில் சாய்ந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பார். சோறு போதுமா என்றால் "ம்". உடம்புக்கு என்ன என்றால் "ம்". இந்த "ம்"மை வைத்துக்கொண்டு என்ன குடித்தனம் நடத்துவது?

எல்லாவற்றையும் பொறுத்தேன். ஒரு கேள்விக்கு மட்டும் எனக்கு வாய் திறந்து பதில் வேண்டியிருந்தது. வாரிசில்லாத வீட்டில் பங்காளி மகனைத் தத்தெடுப்பதை எங்களில் பிள்ளை கூட்டுவது என்போம். அதே வீட்டில், முற்றத்துக்கு அந்தப் பக்கம், எதிர்ச்சிறகில் இருந்தார் என் கொழுந்தனார் அழகுசுந்தரம், இவருடைய சித்தப்பா மகன். அவருடைய கடைசிப் பையன் காசிவிஸ்வநாதன். நடக்கப் பழகியதே என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான். பெற்றவளைத் தேடமாட்டான், என்னைத் தேடுவான். அவனைக் கூட்டிக்கொள்ளச் சொல்லி அழகுசுந்தரமே வாய்விட்டுக் கேட்டாகிவிட்டது. நோன்பு முடிந்ததும் பதில் சொல்வதாகப் பேச்சு. எனக்கு அந்தப் பிள்ளை வேண்டும். வேறெதுவும் வேண்டாம், அவன் வேண்டும். இவர் "சரி" என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"என்ன, கூட்டிக்கிருவமா?" என்று எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தேன்.

"பாப்பம்," என்பார். அது "ம்"மைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

இதற்கு நடுவில்தான் எலி. நோன்புக்கு நெல்லுப் பொரி, சோளப் பொரி எல்லாம் பொரித்துத் தகரத்தில் வைத்தால், மூடியைச் சுற்றிப் புழுக்கை. இடது காது கிழிந்த சுண்டெலி. எந்தச் சண்டையில் கிழிந்ததோ. விளக்குமாற்றைத் தூக்கினால் நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஓடும். கொழுப்பு. வாசல் பெருக்க வரும் புஷ்பவள்ளி தன் வீட்டிலிருந்து கம்பிக் கூண்டு ஒன்று கொண்டுவந்தாள். கொக்கியில் சுட்ட தேங்காய்ச் சில்லை மாட்டி வைத்தோம். எலி இழுத்தால் கதவு விழும், அடிபடாது. சாமிக்கும் குற்றமில்லை, நமக்கும் தொல்லையில்லை.

முதல் தடவை விழுந்ததைக் கொண்டுபோய்ப் பின்கட்டைத் தாண்டி, அந்தத் தெருவில் விட்டுவிட்டு வந்தாள் புஷ்பவள்ளி. முன்தெருவில் பிடித்ததைப் பின்தெருவில் விட்டால் ஊரைக் கடந்த மாதிரிதானே என்று நானும் நினைத்தேன். பெரிய வீட்டுக்காரர்களுக்கு மட்டும் வருகிற புத்தி இது. மறுநாள் காலையில் அதே கிழிந்த காது பொரித் தகரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. அதன் கணக்கில் அது வீட்டை விட்டே போகவில்லை, புழக்கடை வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறது.

"ஆச்சி, அது ஒங்க வீட்டு மருமக கணக்கா பின்கட்டுக்கும் முன்கட்டுக்கும் நடக்குது," என்று சிரித்தாள் புஷ்பவள்ளி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், அன்று மத்தியானம் நான் ஒன்றைப் பார்த்தேன். இவர் சாப்பிட்டு எழுந்தபோது ஒரு பிடி சோற்றைத் தூண் ஓரத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். எலி வந்து தின்றது. இவர் திரும்பி வந்து, அது தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னிடம் காட்டாத முகத்தை அதனிடம் காட்டிக்கொண்டு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதுக்குச் சோறு வச்சா அது ஏன் போகும்?" என்றேன்.

"இருந்துட்டுப் போகட்டும், தேனம்மை. அது என்னத்தைக் கேக்குது?"

வந்ததிலிருந்து என்னிடம் பேசிய பேச்சிலேயே அதுதான் நீளம். எலிக்காகப் பேசியது. நான் மறுபடியும் கூண்டை வைத்தேன். விழுந்தது. அன்று சனிக்கிழமை. அரியக்குடிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வருகிறேன் என்று, கூண்டைத் துண்டால் மூடி எடுத்துக்கொண்டு குதிரை வண்டி ஏறினேன். கோயிலைத் தாண்டி, கண்மாய்க் கரையில் கதவைத் தூக்கினேன். லேசில் வெளியே வரவில்லை. தட்டி உதறிவிட்டேன். அது காய்ந்த புல்லுக்குள் ஓடி, நின்று, நான் வந்த பக்கமே திரும்பிப் பார்த்தது. போ, இனிமேல் எப்படி வருகிறாய் என்று பார்க்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் பெருமாளைச் சேவித்ததே இல்லை.

மறுநாள் புஷ்பவள்ளி நோன்புக்கு உள்ளறையை ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தவள், "ஆச்சி, இங்குட்டு வாங்க," என்று கூப்பிட்டாள். மூலையில் பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்று சுருட்டி வைத்திருந்தது. அதன் ஓரத்தில் ஓட்டை. உள்ளே பஞ்சுக்குள் நாலைந்து குஞ்சுகள். கண் திறக்கவில்லை, மயிர் இல்லை, சிவப்பாகக் கிடந்து நெளிந்தன. சத்தம் என்று சொல்ல முடியாத ஒரு சத்தம். ஒன்று ஏற்கெனவே அசையாமல் கிடந்தது.

பின்தெருவிலிருந்து அது ஏன் அத்தனை அவசரமாக ஓடி வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கொல்லக் கூடாது, கொல்லக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்து, கடைசியில் நான் செய்தது இதுதானா?

இவர் எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்று மெத்தையைப் பார்த்தார்.

"தாயை எங்க விட்ட?"

"அரியக்குடிக் கண்மாயில."

வெறுங்கூண்டை எடுத்துக்கொண்டு, மேல்துண்டுகூட இல்லாமல் வாசல் இறங்கிப் போய்விட்டார். நான் பசும்பாலில் திரியை நனைத்து ஒவ்வொரு வாயிலும் வைத்துப் பார்த்தேன். குடிக்கத் தெரியவில்லை அதுகளுக்கு. மத்தியானச் சோற்றுக்கு இவர் வரவில்லை. எங்கேயாவது கால் போன போக்கில் போய்விட்டாரா, கண்மாயில் தண்ணீர் வேறு நிறையக் கிடக்கிறதே என்று என்னென்னவோ நினைப்பு. குஞ்சுகளைப் புஷ்பவள்ளியிடம் விட்டுவிட்டு வண்டி பிடித்து ஓடினேன்.

கண்மாய்க் கரையில், நான் விட்ட இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார். கூண்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே கோயில் புளியோதரை கொஞ்சம் வைத்திருந்தார்.

"எந்திரிங்க," என்றேன். பயம் போனதும் கோபம்தான் வந்தது. "பச்சைத் தண்ணி குடிக்காம இப்படி வந்து உக்காந்திருக்கீக. காட்டுல விட்ட எலி கூப்பிட்டா வருமா?"

"பிள்ளைய விட்டுட்டுப் போனது எங்குட்டும் போயிருக்காது. இங்கனதான் சுத்திக்கிட்டு இருக்கும்."

"எலிக்கு என்ன தெரியும்? ரெண்டு நாள்ல மறந்துரும்."

"மறக்காது தேனம்மை," என்றார். "மறக்க முடியலை."

அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அறுபதை நெருங்குகிற மனுஷர், மூக்கு ஒழுக, சின்னப்பிள்ளை போல் அழுதுகொண்டிருந்தார். அவர் எலியைப் பற்றிப் பேசவில்லை. ரெங்கோனுக்குப் போகிற ஆம்பிளைகளைப் பற்றி எங்கள் பெண்களுக்குத் தெரியாததில்லை. கேட்பதில்லை, அவ்வளவுதான். என் தாய் கேட்டதில்லை, என் மாமியார் கேட்டதில்லை. நான் கேட்டேன்.

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணு. ஏழு வயசு."

"கூட்டிட்டு வந்திருக்க வேண்டியதுதான?"

"அவ தாய் விடலை." பிறகு, "நானும் கேக்கலை," என்றார்.

"பேரு என்ன?"

"கண்ணம்மை."

அது என் மாமியார் பெயர். எங்களில் மூத்த மகளுக்கு அப்பத்தா பெயரைத்தான் வைப்பது. எனக்கு ஒரு பெண் பிறந்திருந்தால் அவளுக்கு உரிய பெயர். எத்தனை நோன்பு, எத்தனை தடவை குன்றக்குடி மலைப்படி ஏற்றம், அந்தப் பெயரை ஒரு தடவை கூப்பிட வேண்டும் என்பதற்காக. வேறு என்ன பெயர் வைத்திருந்தாலும் நான் எப்படியோ பொறுத்திருப்பேன். அந்தப் பெயரையும் கொண்டுபோய் அங்கே கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு வந்து என் வீட்டுத் தூணில் சாய்ந்திருக்கிறார். கூண்டைத் தூக்கிக் கண்மாயில் எறிந்தேன். அவரையும் சேர்த்து எறிய வேண்டும் போல் இருந்தது.

திரும்பும்போது வண்டியில் அவரே பேசினார். "காசியைக் கூட்டிக்கிருவோம். நீ ஆசைப்பட்டுட்ட. இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். அழகுசுந்தரத்துக்குத் தெரிஞ்சா பையனைத் தரமாட்டான்."

உண்மைதான். உரிமை கேட்டு நாளைக்கு இன்னொரு பிள்ளை வரக்கூடிய வீட்டுக்கு எந்தத் தகப்பன் தன் மகனைத் தருவான்? நான் வாயை மூடிக்கொண்டால் காசி என் பிள்ளை. அத்தனை நாள் நான் கேட்ட "சரி" கிடைத்துவிட்டது. அதை வாங்கிக்கொண்டு வண்டியில் குலுங்கிக் குலுங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது குஞ்சுகள் எல்லாம் செத்துக் கிடந்தன. புஷ்பவள்ளி வாழைச்சருகில் மடித்து வைத்திருந்தாள்.

நோன்பன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டார் எல்லாரும் முற்றத்தைச் சுற்றிக் கூடினோம். புதுவேட்டியிலிருந்து நூல் உருவித் திரித்த திரியை, வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த மாவில் பிள்ளையாராகப் பிடித்துச் செருகி ஏற்றுவோம். அதை இழை என்போம். எரிகிற இழையை வீட்டுக்கு மூத்தவர் கொடுக்க, ஆளுக்கு ஒன்று வாங்கி அந்தச் சுடரோடு வாயில் போட்டு விழுங்க வேண்டும்; அதுதான் இழை எடுப்பது. அந்த வருஷம் மூத்தவர் இவர்தான். கொழுந்தனார் வாங்கினார், பிள்ளைகள் வாங்கினார்கள். காசி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

என் முறை வந்தது. வாங்கி விழுங்கினேன். விழுங்கிவிட்டு நகர்ந்திருக்க வேண்டும். கால் நகரவில்லை. வாழைச்சருகில் மடித்த குஞ்சுகள் கண்ணில் நின்றன. ஏழு வயசு. எங்கள் பிள்ளைகள் உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் இன்று இழை எடுக்கும். அவளுக்கு அங்கே யார் எடுத்துக் கொடுப்பார்கள்? அவள் மேல் எனக்குப் பாசம் கிடையாது. அவள் முகம்கூடத் தெரியாது. ஆனால் அந்தப் பெயரில் ஒரு பிள்ளை நோன்பன்று இழை இல்லாமல் நிற்கிறது என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"இன்னொன்னு குடுங்க," என்று கையை நீட்டினேன்.

வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள்தான் இரண்டு இழை எடுப்பாள். தனக்கு ஒன்று, பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஒன்று. நாற்பத்தைந்து வயசில் நான் கை நீட்டி நிற்கிறேன். பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இவர் கை மாவுத் தட்டின் மேலேயே நின்றுவிட்டது. என்னைப் பார்த்து, வேண்டாம் என்பது போல் தலையை அசைத்தார்.

"அண்ணமிண்டி, ரெண்டாவது யாருக்கு?" என்றார் அழகுசுந்தரம். அண்ணன் மனைவியை எங்களில் அப்படித்தான் அழைப்பது.

"ரெங்கோன்ல இருக்க எங்க மகளுக்கு," என்றேன். "கண்ணம்மைக்கு."

மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அதுவரை நான் சொன்னதும் இல்லை. இவர் இன்னொரு இழையை ஏற்றினார், இரண்டு தடவை அணைந்தது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. நான் அதை வாங்கிக்கொண்டிருந்தபோது காசியின் தாய் எழுந்து வந்து, என் முந்தானையிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்ச்சிறகுக்குப் போனாள். அவன் என்னைப் பார்த்துக் கையை நீட்டி அழுதான். நான் இழையை நெருப்போடு விழுங்கினேன்.