கடைசிக் கோப்பைக் காபி

“பாட்டுக்குக் கீழ என் பேரையும் எழுது, ஸ்தஃபான்.”

கேட்டே விட்டாள் இல்வா. அந்த நாட்டு வழக்கப்படி வியாழக்கிழமை வைத்த பட்டாணி சூப்பில் கடுகு விழுதைக் கலக்கிக்கொண்டிருந்த மூன்று கரண்டிகளும் நின்றன. மேசைக்கு அடியில் தோர்கெல் தன் காலுறைப் பாதத்தால் அவள் பாதத்தை அழுத்தினான். இந்த ஒன்றை மட்டும் வாயைத் திறந்து கேட்காதே என்று அவள் இந்த வேலைக்கு வந்த முதல் மாதமே காரில் வைத்துச் சொன்னவன் அவன்தான். குளிருகிறது என்று சொல், ஹீட்டர் கேள், டாக்ஸி கேள், விரல் வலித்தால் ஓய்வு கேள், பெயரை மட்டும் கேட்காதே. அப்படிக் கேட்ட கிட்டார்க்காரன் ஒருவன் இப்போது பூரோஸ் ஊரில் குளியலறை ஓடு விற்கிறானாம்.

முப்பத்தொரு ஆண்டுகளாக அடுத்தவர் ரெக்கார்டுகளில் பேஸ் கிட்டார் வாசித்து வயிறு வளர்த்தவன் தோர்கெல். கோதன்பர்க்கில் அவன் விரல் படாத ராக் பாட்டு குறைவு. அவன் பெயர் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

இல்வா கேட்டதில் பேராசை எதுவும் இல்லை. பாட்டின் தொடக்கத்தில் வரும் அந்தப் பதினாறு சுரங்கள் அவளுடையவை. மூன்று வருடமாகத் தன் சொந்தக் குரலில் பாட என்று வைத்திருந்த பாட்டின் தொடக்கம் அது. சொந்த ஊரான ஹோஃபோர்ஸில், உருக்காலை கிரேன் ஓட்டுகிற அப்பா வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு கிட்டாரில் மெல்ல மெல்ல வாசித்துச் செய்தது. போன வாரம் இதே ஸ்டுடியோவில் ஆம்ப்ளிஃபயரைச் சரிபார்க்கச் சொன்னார்கள். ஏதாவது வாசி என்றார்கள். விரலுக்கு வந்ததை வாசித்தாள். விரலுக்கு அதுதான் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெக்கார்டுத் தயாரிப்பாளன் ஸ்தஃபான் பதிவுப் பொத்தானை ஏற்கெனவே அழுத்தியிருந்தான்.

வெளியே வந்தவள் குடுவையிலிருந்த கடைசிக் காபியைத் தன் கோப்பையில் ஊற்றிக்கொண்டாள். கடைசிக் கோப்பையை எடுத்தவர்தான் அடுத்த குடுவை போட வேண்டும். இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், போடாதவர்களை யாரும் மன்னிக்கவும் மாட்டார்கள். சமையலறைக்குப் போனாள். காபித்தூள் டப்பா காலியாக இருந்தது, புதுப் பொட்டலத்தைத் தேடிப் பிரித்தாள், தண்ணீர் இறங்கும்வரை நின்றாள். பதினோரு நிமிடம். திரும்பி வந்தபோது அவள் பதினாறு சுரத்தின் மேல் பாடகன் ஜெஸ்பர் நாலு வரி கட்டியிருந்தான், தோர்கெல் கீழே பேஸ் போட்டிருந்தான், ஸ்தஃபான் தாளில் மூன்று பெயர் எழுதியிருந்தான். பாட்டு பிறக்கும்போது அறையில் யார் இருந்தார்களோ அவர்கள் பெயர் மட்டும் ஏறும். அது அந்த ஸ்டுடியோவின் சட்டம்.

அன்றைக்குக் கேட்காமலே வீட்டுக்குப் போனாள். அந்த வாரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே தூங்கினாள். இன்று மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பதிவில் ஆம்ப்ளிஃபயர் இரைகிறதாம், சுத்தமாக ஒரு தடவை வாசித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமாம்.

ஸ்தஃபான் கரண்டியைக் கீழே வைத்தான். அவன் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

“அது உன்னோடதுன்னு எனக்குத் தெரியும் இல்வா. நான் இல்லேன்னு சொல்லலையே.”

“அப்ப எழுது.”

“நீ அறையில இல்லையே.”

“உங்களுக்குத்தான் காபி போட்டுக்கிட்டு இருந்தேன்.”

“நல்ல காபி,” என்றான் ஜெஸ்பர், சூப்பைப் பார்த்தபடி. சிரிக்க வைக்கப் பார்த்தானா என்று தெரியவில்லை.

சட்டம் தனக்கும் சேர்த்துத்தான் என்றான் ஸ்தஃபான். ஒருமுறை கழிவறைக்குப் போன நேரத்தில் அவனுக்கே ஒரு பாட்டு போனதாம். நன்றி என்று ரெக்கார்டு அட்டையில் அவள் பெயரைப் போடலாம், பெரிய எழுத்திலேயே போடலாம் என்றான். அவள் கோபப்படுவது நியாயம்தான் என்றும் சொன்னான். கத்தினால் திருப்பிக் கத்தலாம். தலையாட்டி ஒத்துக்கொண்டே தராமல் இருப்பவனை என்ன செய்வது? ஐந்து வருடம் இசைக் கல்லூரியில் படித்தாள், அவர்கள் வம்சத்தில் முதல் பட்டம். ஹார்மனி சொல்லிக்கொடுத்தார்கள், வரலாறு சொல்லிக்கொடுத்தார்கள். எப்போது அறையில் இருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

“நான் வாசிக்க மாட்டேன்,” என்றாள்.

ஸ்தஃபான் தோர்கெலிடம் திரும்பினான். “நீயும் கிட்டார் வாசிப்பேல்ல?”

தோர்கெல் அவளைப் பார்க்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டான். “இல்வா, நான் முடியாதுன்னா இன்னொருத்தன் வருவான்,” என்றான். “அவன் என்னைவிட மோசமா வாசிப்பான்.” எழுந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பதிவறைக்குள் போய், ஸ்டுடியோவின் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டான்.

அப்போதே அவள் கிளம்பியிருக்கலாம். மேசையிலேயே உட்கார்ந்து கேட்டாள்.

முதல் தடவை தடுமாறினான். இரண்டாவது தடவை பன்னிரண்டு சுரம் வந்தது. மூன்றாவது தடவை எல்லாம் வந்தது, பதின்மூன்றாவதைத் தவிர. அங்கே கம்பியை மேலே தள்ளி இழுக்க வேண்டும், ரொம்பத் தள்ள வேண்டும், கம்பி அறுந்துவிடுமோ என்று பயம் வருகிற வரைக்கும். அவன் அரை வழியில் விட்டான். சுரம் நொண்டியது.

“இது இல்ல,” என்றான் பதிவுப் பலகை முன் போய் உட்கார்ந்திருந்த ஸ்தஃபான், ஒலிவாங்கியில்.

நான்காவது தடவையும் நொண்டியது. ஐந்தாவது தடவையும். இப்படியே வெளியே போகும், பெட்ரோல் பங்குகளிலும் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் நாடு முழுக்க நொண்டிக்கொண்டு ஓடும் என்று நினைத்தாள். போகட்டும். நாசமாகப் போகட்டும்.

ஆறாவது தடவை தொடங்கியபோது தோர்கெல் கண்ணாடி வழியாக நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தை அல்ல, கையை. அவளும் குனிந்து பார்த்தாள். இடது கை சூப் கரண்டியைக் காம்போடு பிடித்திருந்தது. நான்கு விரலும் காம்பின் மேல் இடம் பிடித்து நின்றன. பதின்மூன்றாவது சுரம் வரும் இடத்தில் மோதிர விரல் தானாக மேலே தள்ளியது, நடுவிரல் பின்னால் முட்டுக்கொடுத்தது. இரண்டு விரல். அவன் அதுவரை ஒற்றை விரலால் தள்ளிக்கொண்டிருந்தான்.

அவள் கரண்டியைப் போட்டாள். அதற்குள் சுரம் சரியாக வந்துவிட்டது.

“அவ்வளவுதான்,” என்றான் ஸ்தஃபான்.

தோர்கெல் கிட்டாரைச் சாய்த்து வைத்தான். உள்ளேயே நின்றுவிட்டான். அவள் அவனைத் திட்ட வாய் எடுத்தாள். எதைச் சொல்லித் திட்டுவது? காட்டிக்கொடுத்தது அவள் கை.

ஜெஸ்பர் சூப்புக்குப் பிறகு வரும் பான்கேக்குக்கு ஜாம் இருக்கிறதா என்று கேட்டான்.

அவள் தன் கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்தாள். கதவருகே அவளுடைய குளிர்கால பூட்ஸ், முழங்கால்வரை பதினெட்டு துளை. காலணி கழற்றி நுழைகிற நாட்டில் கோபமாக ஓட முடியாது. குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு துளையாக நாடா கோத்தாள். பான்கேக் இருக்கு, சாப்பிட்டுட்டுப் போ என்றான் ஸ்தஃபான். உண்மையான அக்கறையோடுதான் சொன்னான்.

பாதி நாடாவில் செல்பேசியை எடுத்தாள். காலையிலிருந்து பதில் போடாமல் வைத்திருந்த செய்தி, அப்பாவுடையது. சனிக்கிழமை நம்ம ஊர் மன்றத்துல நீ பாடுறியே, அதுல ராத்திரி சுவத்துக்கு அந்தப் பக்கம் வாசிப்பியே, அந்தப் பாட்டு உண்டா?

ஜெஸ்பரின் பாட்டை இவள் திருடிவிட்டாள் என்றுதான் பின்னால் சொல்வார்கள். தாளில் மூன்று பெயர் இருக்கிறது, அவள் பெயர் இல்லை. சொல்லட்டும்.

உண்டு, என்று தட்டி அனுப்பினாள். முதல் பாட்டே அதுதான்.

மீதி நாடாவைக் கட்டாமல் எழுந்தாள். சமையலறை வாசலில் காபிக் குடுவை நின்றது, அடியில் சரியாக ஒரு கோப்பை. ஊற்றினாள், நின்றபடியே குடித்தாள். காலிக் குடுவையை அப்படியே சூட்டுத் தட்டில் வைத்துவிட்டு, கிட்டார்ப் பெட்டியோடு கதவைத் திறந்து வெளியே போனாள்.