கேசட்டில் விட்ட இடம்

என் பெயர் அலர்மேல்மங்கை. புத்தலப்பட்டில் எல்லோருக்கும் மங்கா. என் வீட்டுக்காரர் நாகேந்திரன் குவைத்தில் ஓர் அரபு முதலாளிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி ஆறே மாதத்தில் போனவர், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வந்துவிட்டுப் போவார். இடையில் எங்களைப் புருஷன் பெண்டாட்டியாக வைத்திருந்தது ஒரு கேசட்டுதான்.

ஒரே கேசட்டு போய்ப் போய் வரும். லீவில் வருகிறவர் யாராவது கொண்டுவருவார், திரும்பிப் போகிறவர் யாராவது எடுத்துப்போவார். நான் பேசும்போது, கேள்வி கேட்டதும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். டேப்பு ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வெற்றிடத்தில் அவர் தன் அறை டேப்பில் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பதிலைப் பதிந்து அனுப்புவார். ‘தலவலி போச்சா?’ என்று நான் கேட்டிருந்தால், என் குரலை ஒட்டியே அவர் குரல், ‘போச்சு, போச்சு’ என்று வரும். நடுவில் இரண்டு மாதம் போயிருப்பதே மறந்துவிடும். சில சமயம் மனுஷன் அளவு தெரியாமல் பேசி, நான் அடுத்துச் சொன்னதை அழித்துவிடுவார். திட்டிக்கொண்டே மறுபடி சொல்வேன்.

போன லீவில் ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தார். இனிமேல் தினமும் பேசலாம் என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, முதல் ஒரு வாரம்.

எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. பால் சென்டர் வாசலில் மட்டும் இரண்டு கோடு வரும். அங்கே அவருக்கு மத்தியான ஓய்வு கிடைக்கிற நேரம், இங்கே சாயங்காலப் பால் ஊற்றுகிற நேரம். கேனும் சொம்புமாக ஊரே நிற்கும்போது புருஷனிடம் என்ன பேச முடியும்? துன்னியா, துன்னேன். மழையா, இல்லை. அதையும் நான் சொன்னால் என் குரலே எனக்குத் திரும்பி வந்து கேட்கும். கேசட்டில் உரிமையாக ‘நீ’ என்று பேசுகிறவள், நாலு பேர் முன்னால் ‘நீங்க’ போட்டுப் பேசவேண்டியிருந்தது. பக்கத்தில் என் மாமியார் செல்லியம்மா வேறு, போனை வாங்கக் கையை நீட்டிக்கொண்டே நிற்பார்.

ஒருநாள் வீட்டுக்காரர் அவசரமாகப் பேசினார். “மொதலாளி இன்னும் ரெண்டு வருசத்துக்கு அக்ரிமெண்ட் போடச் சொல்றாரு. மாசக் கடைசில கையெழுத்து. நீ இன்னா சொல்ற?”

வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன். வீடு கட்டியாயிற்று. மகள் தரணி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். பங்காருபாளையத்து மண்டியில் மாங்காய் லோடு ஓட்ட டிரைவர் கிடைக்காமல் அலைகிறார்கள். இத்தனையும் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் சுற்றிலும் ஆட்கள். எப்படிச் சொல்வது என்று யோசித்து, கேசட்டுப் பழக்கத்தில் கொஞ்சம் சும்மா இருந்துவிட்டேன்.

“ஹலோ? ஹலோ? சரின்றியா? சரி, அப்ப போட்டுடறேன்” என்றார். லைன் போய்விட்டது.

திரும்பக் கூப்பிட்டால் ஒரு பெண் தெலுங்கில் பேலன்ஸ் இல்லை என்றாள். ரீசார்ஜ் செய்துவிட்டுக் கூப்பிட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அவளே சொன்னாள். அந்தக் குரலில் ஒரு வருத்தமும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனைப் பால் கேனிலேயே போட்டிருப்பேன்.

மறுநாள் அவர் கூப்பிட்டபோது மாமியார் வாங்கிக்கொண்டார். “ரெண்டு வருசம்தான, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிப்பூடும்” என்றார். யாருக்கு ஓடும் என்று நான் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் அறையிலேயே தங்கியிருக்கும் பங்காருபாளையம் ரமணா, லீவு முடிந்து அந்த வாரமே குவைத் போகிறார் என்று தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் எங்கள் பழைய கேசட்டின் நாடாவைத் தரணி எப்போதோ உருவி விளையாடித் தீர்த்திருந்தாள். திருப்பதிக்குப் போய்ப் புதுக் கேசட்டு கேட்டேன். கடைக்காரர் நகத்தளவில் ஒரு மெமரி கார்டைக் காட்டினார். என் கோபம் இதற்குள் அடங்காது என்று சொல்லிவிட்டுத் திருச்சானூருக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன்.

கோயில் பக்கத்துக் கடையில் தாயார் பாட்டுக் கேசட்டு ஒன்று தூசி படிந்து கிடந்தது. அதன் மேல் விளிம்பில் இருக்கும் ஓட்டைகளைக் காகிதம் ஒட்டி அடைத்தால் பாட்டின் மேலேயே பதியலாம். குவைத் போனவர்களின் பெண்டாட்டிகள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை இது. கோயிலுக்குள் போய், ‘உன் பாட்டுல கொஞ்சம் எடுத்துக்கறேன் தாயே’ என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மாமியார் கழனிக்குப் போன நேரம் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

“இந்தா பாரு, நான் சரின்னு சொல்லல. சும்மா இருந்தா சரின்னு அர்த்தமா? நான் சும்மா இருந்தா நீ பேசணும்னு அர்த்தம், அது கூடவா மறந்துபூட்ட? வூடு கட்டியாச்சு, அதுல இருக்கத்தான் ஆளக் காணோம். நைனா எங்கடின்னா உம்பொண்ணு செல்போனக் காட்டுது. இன்னும் எதுக்கு அங்க உக்காந்துக்கினு கீற? வந்துடு. வரியா, இல்லியா?”

அங்கே இடம் விட்டேன். டேப்பு சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. யாரும் ‘ஹலோ ஹலோ’ என்று கத்தவில்லை. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

ஆனால் அந்த இடம் நீள நீள என் தைரியம் கரைந்தது. அந்த வெயிலில் அவர் மட்டும் ஆசைப்பட்டா இருக்கிறார் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. “சரி, பரவால்ல. ரெண்டு வருசம் இருந்துட்டே வா. நான் பாத்துக்கறேன். நீ வேளாவேளைக்குத் துன்னு” என்று சொல்லி முடித்துவிட்டேன். சொன்ன பிறகு மனசு அடித்துக்கொண்டது. அழிக்கலாம் என்று பொத்தானில் கை வைக்கும்போது மாமியார் வந்துவிட்டார். அப்படியே ரமணாவிடம் கொடுத்தனுப்பினேன்.

மாசக் கடைசி வந்தது, போனது. போனில் அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

பிறகு ஒருநாள், லீவில் வந்த புத்தூர்க்காரர் ஒருவர் கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். கதவைச் சாத்திப் போட்டேன். முதலில் என் ஏச்சு எல்லாம் வந்தது. ‘வரியா, இல்லியா?’ அடுத்து அவர் குரல்.

“வரேன் மங்கா. கையெழுத்துப் போடல.”

அதோடு நிறுத்தினாரா? மண்டிக்காரரிடம் பேசிவிட்டதைச் சொன்னார். தரணிக்கு வாங்கிய கவுனின் நிறத்தைச் சொன்னார். ரமணா குறட்டை விடுகிறான், கேட்கிறதா என்றார். கேட்டது. சொல்ல எதுவும் இல்லாமல் போன பிறகும், “இரு, வெச்சிடாத, இன்னும் கொஞ்சம் பேசணும்” என்று எதையோ பேசிக்கொண்டே போனார். அவர் குரல் நின்றதும் நேராகத் தாயார் பாட்டு, நடு வரியிலிருந்து.

திருப்பிப் போட்டுப் பார்த்தேன். என் ‘பரவால்ல’ எங்குமே இல்லை.

மாங்காய் சீசனுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். செல்போன் இப்போது மாமியாரிடம் இருக்கிறது. அவர் சந்தோஷமாகப் பால் சென்டர் வாசலில் நின்று தன் தங்கையோடு பேசுகிறார். ஒருநாள் லோடு இறக்கிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்த வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“அந்தக் கேசட்டுல கடைசில நான் ஒண்ணு சொல்லியிருந்தேன, கேட்டியா?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “அப்படி ஒண்ணும் இல்லியே” என்றார். “வேணும்னா போட்டுப் பாரு.”