ஒரு மூச்சு நேர மந்திரம்

கடலூர் முதுநகரில் மருந்துக் கம்பெனி ரெப்பாக வேலை பார்த்த ஜெனித் மந்திரம் சொன்னால் ஆறின காபி சூடாகிவிடும். அதற்கு அவன் மனைவி மேரி ஷாலினி பக்கத்தில் இருந்து "நடக்குது" என்று சொல்ல வேண்டும். அவள் சொல்லாவிட்டால் ஆறினது ஆறினதுதான். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு வாயைப் பிளப்பார்கள். தெருக்காரர்களுக்கு இதில் குறைதான் தெரிந்தது. ஒரு தடவைக்கு ஒரு டம்ளர்தான் சூடாகும், விசேஷ வீட்டுக்கெல்லாம் உதவாது என்று அலுத்துக்கொண்டார்கள்.

மந்திரம் வந்த வழி ஒன்றும் ரகசியமில்லை. சிதம்பரம் மேலவீதியில் சிலம்பரசன் நடத்திய மொபைல் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, இப்போது இன்னது செய்கிறேன் என்பார்கள். இருபது முகம் உள்ள காயை உருட்டிப் பார்த்துவிட்டு, கதை நடத்துபவர் நடக்குது என்றோ நடக்கல என்றோ தீர்ப்புச் சொல்வார். அதற்கு மேல் அங்கே பேச்சு கிடையாது. சிலம்பரசனும் காட்டுமன்னார்கோயில் ரைஸ் மில் செம்பியனும் ஜெனித்தும் ஆடுவார்கள். கதை நடத்தியவள், பக்கத்துத் தெரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்த ஷாலினி. லேபுக்கு மருந்து ஆர்டர் எடுக்க வந்த ஜெனித்தை ஆட்டத்துக்கு இழுத்துவந்ததும் அவள்தான். இரண்டு வருஷம் அவனுடைய பாத்திரங்களை விதவிதமாகக் கொன்றுவிட்டு, மூன்றாம் வருஷம் அவனையே கல்யாணம் செய்துகொண்டாள்.

அந்த ஆட்டத்தில் லெவல் ஏற ஏற ஆளுக்குப் புது மந்திரம் கிடைக்கும். மற்றவர்கள் நெருப்பைக் கொட்டுவது, மலையைப் பிளப்பது என்று பெரிதாகப் பார்த்து எடுத்தார்கள். ஜெனித் ஒவ்வொரு முறையும் யாரும் சீண்டாத, அடிமட்டச் சில்லறை மந்திரங்களைப் பொறுக்கினான். பெரிய மந்திரத்துக்கு ஒரு வேலைதான் தெரியும், சின்னதுக்கு நாம்தான் வேலை கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவன் கட்சி. பாலத்தை மறித்து நின்ற ராட்சசன் கதாயுதத்தை ஓங்கிய நேரம் பார்த்து அவன் மூக்கில் அரிப்பு உண்டாக்கி ஆற்றில் விழவைத்தான். தருணம் பார், இடம் பார், ஒன்றோடு ஒன்றைக் கோத்துவிடு என்பான். ஷாலினி பல்லைக் கடித்துக்கொண்டு நடக்குது என்பாள். ஒன்றை மட்டும் அவள் கடைசிவரை அனுமதித்ததில்லை. ஒரு மந்திரம் இன்னொன்றைக் கிளப்பி, அது திரும்ப முதலாவதைக் கிளப்பி, முடிவே இல்லாமல் சுற்றுகிற மாதிரி அவன் கோத்துக்கொண்டு வந்தால் மேசையைத் தட்டுவாள். "லூப்பெல்லாம் என் டேபிள்ல கெடையாது. லூப் போட்டா ஆட்டம் செத்துடும்."

ஒருமுறை குணப்படுத்தும் மந்திரம் எடுக்கிற வாய்ப்பு வந்தது. எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லி ஷாலினியே கெஞ்சாத குறையாகச் சொன்னாள். எல்லோரும் எடுப்பதை நான் எதற்கு எடுக்க வேண்டும் என்று ஜெனித் வேறொன்றை எடுத்தான். தொட்ட ஆளுக்கு ஒரு மூச்சு நேரம் வலி தெரியாது. அவ்வளவுதான் அந்த மந்திரம்.

"மச்சான், ஊசி போடக்கூட பத்தாதுடா அது" என்று சிலம்பரசன் சிரித்தான். எடுத்ததை மாற்றிக்கொள்ள முடியாது என்பது ஷாலினி வைத்த சட்டம். புருஷன் என்பதற்காக அவள் அதைத் தளர்த்தவில்லை.

கல்யாணமான வருஷம் ஒரு மழை நாளில், மேசையில் ஆறிக் கிடந்த காபியைப் பார்த்து ஜெனித் பழக்கதோஷத்தில் மந்திரம் சொல்ல, அவளும் பழக்கதோஷத்தில் நடக்குது என்றாள். காபியில் ஆவி பறந்தது. செம்பியன் தன் டம்ளரையும் நகர்த்தி வைத்தான். அன்று முதல் ஜெனித்தின் சில்லறை மந்திரங்கள் வெளியிலும் நடந்தன. புயல் மழையில் தெருவே நனைந்து கிடந்தபோது, கைக்குட்டை அகலம் மட்டுமே உலர்த்துகிற மந்திரத்தை வைத்துக்கொண்டு போர்வைகளை உலர்த்தினான். போர்வையைக் கைக்குட்டை அளவுக்கு மடித்து வைத்துக்கொண்டு மந்திரத்தைச் சொன்னான். ஷாலினி கொஞ்சம் யோசித்துவிட்டு, நடக்குது என்றாள். அந்த வாரம் தெருப் பெண்கள் எல்லோரும் மடித்த துணியோடு வாசலில் நின்றார்கள். கருவாட்டுக்காரர் ஒருவர் மீனையும் அதே அகலத்தில் ஆளுயரத்துக்கு அடுக்கிக்கொண்டு வந்தார். அது அநியாயம் என்று சொல்லி நடக்கல என்றுவிட்டாள். மீன் நாறிப்போனது. அவர் கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்தினார், பிறகு கிறிஸ்துமஸுக்குப் பேசினார்.

ஷாலினிக்கு வந்த நோயை முதலில் கண்டவள் ஷாலினிதான். தன் ரத்தத்தைத் தானே லேபில் வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். கணையத்தில் புற்று வந்திருந்தது. டாக்டர்கள் தவக்காலம் வரை தாங்குவாள் என்றார்கள். ஜெனித்திடம் காபியைச் சூடாக்கவும், துணியை உலர்த்தவும், மூக்கை அரிக்க வைக்கவும் மந்திரம் இருந்தது. பெண்டாட்டியைப் பிழைக்க வைக்க இல்லை. கொல்லைப்புறம் போய் அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுததைப் பக்கத்து வீட்டார் பார்த்தார்கள். அவன் எதற்காக அழுதான் என்று தெருவுக்கே தெரியும். அன்றைக்கு எடுக்காமல் விட்ட அந்த ஒன்றுக்காக அழுதான்.

அழுது முடித்ததும், கையில் இருப்பதை வைத்து எப்படி ஜெயிப்பது என்று யோசிக்க ஆரம்பித்தான். வேறு விதமாக யோசிக்க அவனுக்குத் தெரியாது. வலி கூடியபோது அவள் கையைப் பிடித்து ஒரு மூச்சு நேர மந்திரத்தைச் சொன்னான். அவள் நடக்குது என்றாள், வலி போனது. அடுத்த மூச்சில் திரும்பியது. மறுபடி சொன்னான். மூச்சுக்கு மூச்சு சொன்னான். அவன் தூங்குகிற நேரத்துக்குச் சிலம்பரசன் பொறுப்பேற்றான். அவனிடம் நண்பனின் மந்திரத்தை இரவல் வாங்கவும் அதை இன்னொருவனுக்குக் கொடுக்கவும் மந்திரம் ஒன்று இருந்தது, அதுவும் யாரும் சீண்டாததுதான். சிதம்பரத்தில் கடையில் இருந்தபடியே, டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டே போனில் சொன்னான். போன் ஷாலினியின் உள்ளங்கையில் இருந்தது, அதையே தொட்டதாக எடுத்துக்கொண்டு அவள் நடக்குது என்றாள். வாடிக்கையாளர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அவனுக்குக் குரல் கம்மினால் அவனிடமிருந்து இரவல் வாங்கி, மில் சத்தத்துக்கு மேலே கத்திச் செம்பியன் சொன்னான்.

அப்போதுதான் ஜெனித் அதைக் கவனித்தான். நடக்குது என்று சொல்ல ஷாலினிக்கு ஒரு மூச்சு வேண்டும். அந்த மூச்சுக்கு அடுத்த மந்திரம் வந்துவிடும். அதற்குப் பதில் சொல்ல இன்னொரு மூச்சு வேண்டும். நடுவில் சாவு நுழைய இடமே இல்லை. தவக்காலம் போயிற்று, ஈஸ்டர் போயிற்று, கோடை போயிற்று, வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடந்தவர்கள் அவள் வீட்டு வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். ஷாலினி உயிரோடு இருந்தாள். டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு, தொடர்ந்து சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெனித் தாடியும் மீசையுமாக, உலகத்தையே ஜெயித்தவன் போல இருந்தான். ஊரில் உள்ள பெரிய மந்திரம் எதுவும் செய்யாததைத் தன் சில்லறை மந்திரம் செய்துவிட்டது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

அதைக் கலைத்தவர் மாமியார் சவரிமேரி. மகளுக்கு உடம்பு துடைத்துவிட்டு வந்து, ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"மாப்ள, நீங்க மூணு பேரு மாத்தி மாத்திச் சொல்றீங்க. அவளுக்கு மாத்திச் சொல்ல யார் இருக்கா? எம்பொண்ணு கண்ண மூடி எத்தினி நாளாச்சு? அந்த ஒரு வார்த்தய வுட்டா வேற ஒரு வார்த்த அவ வாயிலேர்ந்து நீங்க கேட்டீங்களா?"

ஜெனித் கேட்டிருக்கவில்லை. தருணம் பார்த்தான், இடம் பார்த்தான், கோத்துவிட்டான். எல்லாக் கணக்கும் போட்டவன் ஷாலினியைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஈஸ்டருக்கு முன்னாலிருந்து அவள் தூங்கவில்லை. தாகம் என்று சொல்லவில்லை, அம்மா என்று கூப்பிடவில்லை, அவனைத் திட்டவும் இல்லை. வேறு எதற்கும் அவளிடம் மூச்சு மிச்சமில்லை. வலி இல்லாத உடம்போடு, திறந்த கண்ணோடு, ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு கிடந்தாள். அவன் அவளைச் சாகாமல் பார்த்துக்கொண்டான், அவள் குரலைத்தான் தொலைத்துவிட்டான்.

மத்தியானம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க நினைத்தான். கேட்டால் பதில் வரும் என்ற பயத்தில் மந்திரத்தையே சொன்னான். ஷாலினி அவனை நேராகப் பார்த்தாள்.

"நடக்கல" என்றாள்.

அவன் மறுபடி சொன்னான். மறுபடியும் நடக்கல என்றாள். இத்தனை வருஷத்தில் அவளுடைய தீர்ப்போடு முதல்முறையாக அவன் சண்டை போட்டான், காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். வலி திரும்ப வந்து அவள் முகம் கோணியது. ஆனால் பேச்சும் வந்தது.

"வலிக்குது ஜெனித். பரவால்ல, பேசலாம்ல" என்றாள். தண்ணீர் கேட்டாள். அம்மா எங்கே என்று கேட்டு, சவரிமேரி வந்ததும் அவர் புடவையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கே ஹீலிங் எடுத்துக்கோன்னு தலபாடா அடிச்சிக்கினேன். கேட்டியா நீ?"

அவன் சிரிக்கவும் அழவும் செய்தான். அவளும் சிரித்தாள். "தாடிய எடு, பாக்க சகிக்கல" என்றாள். பேசிக்கொண்டே இருந்தவள் சாயங்காலம் மாதாகோயில் மணியடிக்கிற நேரத்துக்குத் தூங்கினாள். அந்தத் தூக்கத்திலேயே போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வந்த பிறகும் ஜெனித்துக்கு நிறுத்தத் தெரியவில்லை. வெறும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தலையணையில் கை வைத்து, மூச்சுக்கு மூச்சு மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தான். நடக்குது என்றோ நடக்கல என்றோ தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை. குரல் போய், அவன் தானாக ஓயும்வரை சிலம்பரசனும் செம்பியனும் கூடவே உட்கார்ந்திருந்தார்கள்.

அவன் சொன்ன அத்தனை மந்திரமும் எங்கே போகும்? அந்தத் தெருவில்தான் தங்கிவிட்டன. இப்போதும் அங்கே யாராவது நிலைப்படியில் கால் விரலை இடித்துக்கொண்டால் உடனே வலிக்காது. ஒரு மூச்சு கழித்துத்தான் வலிக்கும். அரிவாள்மனையில் விரலை வெட்டிக்கொண்ட பெண்கள் கையைத் தூக்கிப் பிடித்தபடி, வரட்டும் என்று நிற்பார்கள். விழுந்த குழந்தை எழுந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பிறகு அழும். ஒவ்வொரு தடவையும் நடக்குது என்று யார் சொல்கிறார்கள் என்பது தெரியாது. தெருக்காரர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதும் இல்லை.

ஜெனித்தும் அதே வீட்டில்தான் இருக்கிறான். காலையில் கண் விழித்ததும் அவனுக்கு ஒரு மூச்சு நேரம் ஒன்றும் வலிப்பதில்லை. அந்த ஒரு மூச்சை அவசரப்படாமல் இழுத்து விடுகிறான். பிறகு எழுந்து வேலைக்குப் போகிறான்.